மங்கிய திரையும் மனையக நகைச்சுவையும்



1951ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதி, ஹொலிவூட்டில் சிபிஎஸ் நிறுவனத்தின் கலையகமொன்றிலே, கணவனும் மனைவியுமாகிய இருவர் அரைமணி நேர நாடகமொன்றை நடித்துக் காட்டினர். கணவர் டெசி ஆர்னாஸ், கியூபா தேசத்திலிருந்து வந்த பாடகர். மனைவி லூசில் போல், திரைப்படங்களிலே முதல்வரிசைக்கு வராதவராயினும் வானொலிக் குடும்ப நாடகமொன்றினாற் புகழ் பெற்றிருந்தவர். அம்மையார் அப்போது கருவுற்றிருந்தார்; அவ்வாண்டு ஜூலையிலே மகள் பிறந்தாள். ஆகவே தொளதொளத்த உடைகளை அணிந்தே நடித்தார். பொதுமக்களுக்கு ஒளிபரப்புவதற்காகவன்றி, அனுசரணையாளருக்குக் காட்டி அவர்தம் சம்மதத்தைப் பெறுதற்காகவே அந்நாடகம் பதிவு செய்யப்பட்டது. பிற்காலத்தில் உலகெங்கும் ‘ஐ லவ் லூசி’ என்று அறியப்பட்ட தொடருக்கு அதுவே வித்து.

அப்பதிவு ஏறக்குறைய 40 ஆண்டுகள் காணாமற் போயிருந்தது. அதிலே தோன்றிய பெப்பீட்டோ என்னும் சர்க்கஸ் கோமாளியின் மனைவியிடம் ஒரு பிரதி எஞ்சியிருந்து, 1990ஆம் ஆண்டிலே மக்களுக்குக் காட்டப்பட்டது. இன்று அதனை எவரும் பார்க்கலாம். பார்ப்பவர் முதலிற் காண்பது நகைச்சுவையை அன்று, மங்கலையே. முகங்கள் வெளிறிக் கிடக்கின்றன. கறுப்பெல்லாம் கரிக்கட்டி போலவும் வெள்ளையெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போலவும் தோன்றுகின்றன. ஒருவர் கையை அசைத்தால் அக்கையின் நிழலும் உடன் இழுபடுகின்றது. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்த மங்கலின் வரலாறேயாகும்.

அக்காலத்திலே தொலைக்காட்சியைப் பதிந்து வைப்பதற்கு நாடா இல்லை. ஒளிப்பதிவு நாடா நடைமுறைக்கு வந்தது 1956ஆம் ஆண்டின் இறுதியிலேதான். அதற்கு முன்னர் இருந்த வழி ஒன்றே. தொலைக்காட்சிக் குழாயின் முன்னே ஒரு திரைப்படக் கமராவை நிறுத்தி, குழாயிலே தோன்றும் படத்தைப் படம் பிடிப்பது. அவ்வாறு எடுத்த பிரதியைக் கினெஸ்கோப் என்றனர். அமெரிக்கத் தொலைக்காட்சி ஒரு விநாடிக்கு 30 படங்களைக் காட்டியது. படச்சுருளோ வழக்கமாக விநாடிக்கு 24 படங்களாகவே ஓடும். முப்பதை இருபத்து நான்குக்குள் திணிக்கும்போது அரைப்படமும் கால்படமும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டன. குழாயின் வளைவும் ஒளிர்வும் சேர்ந்துகொள்ள, மூலத்திலே இருந்த தெளிவிற் பெரும்பகுதி பிரதியிற் போயிற்று.

மூலத்திலே இருந்த தெளிவுதான் எவ்வளவு? 1941ஆம் ஆண்டு அமெரிக்கா ஏற்றுக்கொண்ட முறையின்படி ஒரு படம் 525 கோடுகளால் ஆனது. அவற்றுட் கண்ணுக்குப் படமாகத் தெரிவன ஏறக்குறைய 480. மனக்கணக்காய்ப் பார்ப்போம். ஒருவர் உச்சி முதல் உள்ளங்கால் வரை திரையை நிறைத்து நின்றால், அவருடைய தலைக்குக் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு, அதாவது 60 கோடுகள். கண்ணிமைகளின் இடைவெளி தலையின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கென்று கொண்டால், கண்ணுக்குக் கிடைப்பது மூன்றே கோடுகள். கினெஸ்கோப் பிரதியிலே அவற்றுள்ளும் பாதி கரைந்துவிடுகின்றது. ஒரு நடிகை கணவனைப் பார்த்து இமையைச் சற்றே சுருக்கினாள் என்றால், அச்செய்தி முழுவதும் ஒன்றரைக் கோட்டிலே அடங்கவேண்டியதாயிற்று.

இதனால் நட்டமடைந்தது எது? குதிரைப் பந்தயமன்று, குத்துச்சண்டையுமன்று. அவற்றிலே உடல் முழுவதும் அசைகின்றது. குடும்ப நகைச்சுவை அத்தகையதன்று. அதிலே பேசுபவன் சொல்வதைவிடக் கேட்பவள் முகத்திலேதான் சிரிப்பு இருக்கின்றது. கணவன் தன் கெட்டித்தனத்தை அளந்துகொண்டிருக்கிறான். மனைவி ஒன்றும் பேசாமல் நிற்கிறாள். மாமியார் கோப்பையை மேசைமீது வைக்கிறாள். இந்த மௌனங்களே நகைச்சுவையின் உயிர். வானொலி நாடகம் எழுதுவோர் இதை அறிவர். ஆகவே அவர்கள் மௌனத்தைச் சொல்லாக மாற்றி எழுதுகின்றனர். தொலைக்காட்சிக்கு எழுதியோர் முகத்தை நம்பி மௌனத்தை விட்டுவைத்தனர். முகம் மறைந்தபோது மௌனம் வெறும் மௌனமாயிற்று.

நம்மவருக்கும் இவ்வனுபவம் புதிதன்று. 1980களிலே வடபகுதி வீடுகளில், உயர்ந்த கம்பத்திற் கட்டிய அன்ரெனாவை ஒருவர் முற்றத்திலே நின்று திருப்ப, “இப்ப வந்திட்டுதோ?” “இல்லை, இன்னும் கொஞ்சம்!” என்று விறாந்தையிலிருந்து மறுமொழி போக, கடல் கடந்து வந்த தூரதர்சன் நாடகங்களைப் பார்த்தோம். குரல் தெளிவாக வரும்; படமோ எறும்பு மொய்த்தாற்போல இருக்கும். வேண்டிய இடத்தில் நாங்களும் சிரித்தோம். ஆனால் குரல் சிரிக்கச் சொன்னபோதே சிரித்தோம்.

மீண்டும் 1951க்கு வருவோம். அனுசரணையாளராக வந்தது பிலிப் மோரிஸ் என்னும் சிகரெட் நிறுவனம். அந்நாளிலே தொலைக்காட்சி வைத்திருந்தோரிற் பெரும்பாலார் நியூயோர்க் முதலிய கிழக்குப் பகுதி நகரங்களிலே வாழ்ந்தனர். நாட்டின் இரு கரைகளையும் இணைக்கும் தொலைக்காட்சித் தொடர்பு அவ்வாண்டு செப்டெம்பரிலேதான் திறக்கப்பட்டது. ஒப்பந்தம் பேசிய நாட்களில் அது இல்லை. ஆகவே நியூயோர்க்கிலிருந்து நேரடியாக நடிப்பதே வழக்கம். மேற்குக் கரையார் கினெஸ்கோப் பிரதியைப் பார்த்து அமைவர். லூசில் போலும் ஆர்னாஸும் கலிபோர்ணியாவை விட்டுப் பெயர மறுத்தனர். அவர்கள் அங்கிருந்து நேரடியாக நடித்தால், மங்கிய பிரதி கிழக்குக்குப் போகும். சிகரெட் வாங்குவோர் மிகுந்த பகுதிக்கே மங்கிய படம் போவதை நிறுவனம் ஒருபோதும் ஏற்காது.

இந்த இக்கட்டிலிருந்தே அந்தப் புகழ்பெற்ற முடிவு பிறந்தது. நாடகத்தைத் தொலைக்காட்சிக் கமராவினால் எடுக்காமல், சினிமாவைப்போல 35 மில்லிமீற்றர் படச்சுருளிலே எடுப்பது. ஆயினும் சினிமாவைப்போலத் துண்டுதுண்டாக எடுக்காமல், முந்நூறு பேர் அமர்ந்து பார்க்க, நாடகம் போலவே தொடர்ந்து நடித்து, மூன்று கமராக்களால் ஒரே வேளையிற் படம்பிடிப்பது. படச்சுருளைப் பயன்படுத்தியவர்களுள் இவர்களே முதல்வர் என்று சிலர் எழுதுவது சரியன்று. வேறு சிலரும் அதற்கு முன்னரே முயன்றனர். ஆனால் குடும்ப நகைச்சுவைக்கு இம்முறையை நிலைநிறுத்தியவர்கள் இவர்களே. செலவு மிகுந்தது. அச்செலவை ஈடுசெய்யத் தம் ஊதியத்தில் வாரத்துக்கு ஆயிரம் டொலரைக் குறைத்துக்கொண்டு, அதற்கு மாற்றாகப் படங்களின் உரிமையைத் தம் நிறுவனத்துக்குப் பெற்றனர் என்று கூறப்படுகின்றது. ஒருமுறை காட்டிய நாடகத்தை மறுபடி யார் பார்ப்பார் என்று மற்றவர்கள் எண்ணிய காலம் அது. சில ஆண்டுகளின் பின் அதே சிபிஎஸ் நிறுவனம் பல மில்லியன் டொலர் கொடுத்து அப்படங்களை வாங்க நேர்ந்தது.

ஒளிப்பதிவுக்கு அழைக்கப்பட்டவர் கார்ல் புரொயின்ட் என்னும் பெரியவர். 1927ஆம் ஆண்டு வெளிவந்த ‘மெட்ரோபொலிஸ்’ படத்தை ஜெர்மனியிலே படம்பிடித்தவர். ‘த குட் ஏர்த்’ படத்துக்காக ஒஸ்கார் பரிசு பெற்றவர். அத்தகைய ஒருவர் சோபாவும் சமையலறையும் உள்ள ஒரு வீட்டைப் படம்பிடிக்க வந்தது வியப்பே. அவர் செய்தது யாது? விளக்குகளை எல்லாம் மேலே தூக்கினார். எந்தக் கமரா எங்கிருந்து பார்த்தாலும் முகத்திலே ஒரே அளவு ஒளி விழும்படி அமைத்தார். வீட்டின் சுவர்களையும் பொருள்களையும் சாம்பல் நிறத்தின் பல படிகளிலே தீட்டுவித்தார். தொலைக்காட்சிக் குழாய் கறுப்பையும் வெள்ளையையும் மிகைப்படுத்திக் காட்டும் இயல்பினது. ஆகவே கறுப்பும் வெள்ளையும் அதன் கைக்கு எட்டாதவாறு முன்னரே அடக்கி வைத்தார். தம் பெயரை நிலைநாட்டிய நிழற்கலையை எல்லாம் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, ஒரு பெண்ணின் முகம் தெரியவேண்டும் என்பதையே தம் வேலையாகக் கொண்டார். என் மனத்துக்கு இது ‘மெட்ரோபொலிஸை’விடச் சிறிய செயலாகத் தோன்றவில்லை.

இரண்டு முறைகளையும் ஒப்பிட நல்லூழாக ஒரு சான்று கிடைத்திருக்கின்றது. மார்ச் மாதத்து மாதிரி நாடகத்திலே, லூசி கோமாளி வேடமிட்டு, பெரிய செலோ வாத்தியமொன்றைத் தூக்கிக்கொண்டு கணவனின் ஆடலரங்கினுள் நுழைவாள். அதே காட்சியை, அவ்வாண்டு நவம்பரிலே காட்டப்பட்ட தொடரின் ஒரு பகுதிக்காக மறுபடியும் நடித்தனர், இம்முறை படச்சுருளிலே. ஒரே நடிகை, ஒரே வாத்தியம், ஏறக்குறைய அதே வேடிக்கை. மங்கிய பிரதியிலே நாம் காண்பது தொப்பியும் தொளதொளத்த கோட்டும் அணிந்த ஓர் உருவம். அது விழுகிறது, எழுகிறது, எதையோ எடுக்கிறது, சபை சிரிக்கிறது. தெளிந்த பிரதியிலே அவ்வுருவத்தினுள் ஒரு பெண் இருக்கிறாள். வேடிக்கை பலிக்கிறதா என்று கணவனின் முகத்தை ஓரக்கண்ணாற் பார்க்கிறாள். அரங்கத் தொழில் வேண்டுமென்று ஏங்குகிற, கணவன் தடுத்தும் அடங்காத ஒரு மனைவி. முதற் பிரதி கோமாளிக் கூத்து. இரண்டாவது குடும்பக் கதை. இவ்வேறுபாட்டை உண்டாக்கியது படச்சுருள் மட்டும் என்று நான் வாதிடேன். பல மாத ஒத்திகையும் அனுபவமும் அதிலே உண்டு. ஆயினும் அந்த ஓரக்கண் பார்வை முதல் நாளே இருந்திருந்தாலும் நாம் அறிய வழியில்லை.

1952ஆம் ஆண்டு மே மாதத்திலே காட்டப்பட்ட பகுதியொன்று இன்றும் பலரால் நினைவுகூரப்படுவது. லூசி ஒரு சத்துமருந்தை விளம்பரஞ் செய்ய வேண்டும். மருந்தோ வாயில் வைக்க முடியாதது. அன்றியும் மதுச்சாரம் கலந்தது. கரண்டியால் ஊற்றிக் குடித்துவிட்டு, எவ்வளவு சுவை என்று சிரித்தபடி சொல்லவேண்டும். உதடு சிரிக்கின்றது, தொண்டை மறுக்கின்றது, கண் இரண்டுக்கும் நடுவே நின்று தவிக்கின்றது. ஒரே முகத்திலே மூன்று செய்திகள். அதே பகுதியிலே, தொலைக்காட்சிப் பெட்டியின் உட்பாகங்களை எல்லாம் கழற்றிவிட்டு, லூசி அப்பெட்டிக்குள்ளே தானே புகுந்து கணவனுக்கு முன் விளம்பரம் பேசும் காட்சியும் வருகின்றது. கோடுகளும் இல்லை, குழாயும் இல்லை; சட்டத்துக்குள்ளே உயிருள்ள முகம். எழுதியவர்கள் வேடிக்கைக்காகவே எழுதியிருப்பர். எனினும் அந்நாளைய தொலைக்காட்சிக் கலைஞர் ஒவ்வொருவரின் ஆசையும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

லூசில் போல் இரண்டாம் மகவைப் பெற்று ஓய்வெடுத்தபோது பழைய பகுதிகளை மீண்டும் காட்டினர். படம் தெளிவாக இருந்தபடியால் மக்கள் முகஞ் சுளிக்கவில்லை. மறு ஒளிபரப்பு என்னும் வழக்கம் வேரூன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் வென்றவர்களின் கதை. வெல்லாதவர்களின் கதைக்கு வருவதற்கே இவ்வளவும் சொன்னேன்.

‘ஐ லவ் லூசி’ முதன்முதலில் மக்களுக்குக் காட்டப்பட்டது 1951ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி. அதற்குப் பத்து நாள் முன்பு, ஒக்டோபர் 5ஆம் திகதி, நியூயோர்க்கிலே டியூமொன்ட் என்னும் சிறிய வலையமைப்பின் நேரடி நிகழ்ச்சியொன்றில், ஜாக்கி கிளீசன் என்னும் நடிகர் ஒரு பேருந்துச் சாரதியாகத் தோன்றி மனைவியோடு சண்டையிட்டார். புரூக்ளினிலே ஒரு வறிய வீடு. வெறும் மேசை, பழைய பனிக்கட்டிப் பெட்டி, ஒரு ஜன்னல். பின்னாளில் ‘த ஹனிமூனர்ஸ்’ என்று புகழ்பெற்ற நாடகம் அது. ஆலிஸ் என்ற அம்மனைவியாக முதலில் நடித்தவர் பேர்ட் கெல்ட்டன். இன்று உலகம் அறிந்த ஆலிஸ் அவரல்லர். அவருக்குப் பின் வந்த ஓட்ரி மெடோஸ். ஏனெனில் 1955, 1956ஆம் ஆண்டுகளிலே ஒளிபரப்பான 39 பகுதிகள், டியூமொன்டின் பொறியியலாளர் அமைத்த ஒரு புதிய கருவியினால், தொலைக்காட்சிக் கமராவும் 35 மில்லிமீற்றர்ப் படக்கமராவும் ஒருங்கே பார்க்கும் வண்ணம், தெளிந்த படச்சுருளிலே பதிவாயின. மெடோஸ் கைகளைக் கட்டிக்கொண்டு, கணவன் கூச்சலிட்டு ஓயும்வரை அசையாது நிற்கும் அந்த நிலையை எத்தனையோ தலைமுறைகள் கண்டு சிரித்திருக்கின்றன. அசையாது நிற்கும் முகமே தெளிவை மிக வேண்டுவது.

கெல்ட்டன் ஏன் நீங்கினார்? 1950ஆம் ஆண்டு ஜூனிலே நியூயோர்க்கில் ‘ரெட் சனல்ஸ்’ என்ற சிறுநூல் வெளிவந்தது. பொதுவுடைமையோடு தொடர்புடையோர் என்று 151 கலைஞர், ஒலிபரப்பாளர் பெயர்களை அது அச்சிட்டது. நீதிமன்றமுமில்லை, விசாரணையுமில்லை, பட்டியலிலே பெயர் இருந்தாற் போதும், அனுசரணையாளர் அஞ்சினர். கெல்ட்டனின் பெயர் அதில் இருந்தது. 1952ஆம் ஆண்டு கிளீசன் பெரிய நிறுவனமான சிபிஎஸ்ஸுக்கு மாறியபோது, கெல்ட்டன் உடன் செல்லவில்லை. இருதய நோய் என்று வெளியே சொல்லப்பட்டது.

பட்டியலிலே மற்றொரு பெயர் பிலிப் லோப். ‘த கோல்ட்பேர்க்ஸ்’ என்ற யூதக் குடும்பத்தின் கதையிலே ஜேக் என்னும் தந்தை அவர். கேர்ட்ரூட் பேர்க் அம்மையார் 1929 முதல் வானொலிக்கு எழுதி நடித்து, 1949இலே தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த தொடர் அது. அம்மையார் ஜன்னலிலே சாய்ந்து அயலாரை அழைப்பது போல நேயரை அழைப்பார். கமரா அணுக நிற்கும். மங்கிய திரைக்கு ஏற்ற தந்திரம். லோப்பை விலக்குமாறு அனுசரணை நிறுவனம் வற்புறுத்தியது. அம்மையார் முதலில் மறுத்தார். 1951இலே தொடர் நின்றது. மறுபடி தொடங்கியபோது லோப் இல்லை. 1955ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் நியூயோர்க் விடுதியொன்றிலே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டிலே அத்தொடர் படச்சுருளுக்கு மாறியது. தெளிந்த அந்தப் படங்களில் ஜேக்காகத் தோன்றுபவர் வேறொருவர். லோப் நடித்த திரைப்படமொன்று உண்டு. அதிலே அவர் முகம் துலக்கமாக இருக்கின்றது. ஆனால் வாரந்தோறும் வீட்டுக்கூடத்துக்கு வந்த தந்தையை, எஞ்சிய சில கினெஸ்கோப் பிரதிகளின் சாம்பலுக்குள்ளேதான் தேடவேண்டும்.

மங்கல் அரசியல் பார்த்து விழவில்லை. அது பொறியின் குறை. எனினும் காலம் அமைந்த விதம் கொடியது. கலைஞரை விலக்கிய ஆண்டுகளும் கினெஸ்கோப்பின் ஆண்டுகளும் ஒன்றாயிருந்தன. தெளிந்த படச்சுருள் வரும்போது அவர்கள் அரங்கில் இல்லை. லூசில் போலுக்கும் இந்த இடர் வந்ததுண்டு. 1936இலே தம் பாட்டனாரின் விருப்பத்துக்காகப் பொதுவுடைமைக் கட்சி வாக்காளராகப் பதிந்தது பற்றி 1953ஆம் ஆண்டு செப்டெம்பரிலே விசாரிக்கப்பட்டார். செய்தி பத்திரிகைகளில் வந்தது. அனுசரணையாளர் கைவிடவில்லை. அவ்வாண்டு ஜனவரியிலே, அவர் மகவு பெறும் பகுதியை ஏறக்குறைய நான்கு கோடியே நாற்பது இலட்சம் பேர் பார்த்திருந்தனர். அத்தனை பேர் அறிந்த முகத்தை விலக்குவது எளிதன்று.

மங்கலைப் பழித்தே பேசிவிட்டேன். அதற்கு நன்றி சொல்லவேண்டிய இடமும் உண்டு. இங்கிலாந்திலே ‘ஸ்டெப்டோ அன்ட் சன்’ என்ற நாடகம், பழைய இரும்பு வாங்கும் தந்தையும் மகனும் ஓயாது பொருதுவது. 1970ஆம் ஆண்டிலே அது வர்ணத்திற் பதிவாயிற்று. நாடாக்களைச் சிக்கனத்துக்காக மீண்டும் பயன்படுத்தும் வழக்கத்தால் அவ்வாண்டுப் பகுதிகளிற் பெரும்பாலானவை அழிந்தன. எழுதிய கல்ட்டன், சிம்சன் இருவரும் தம் கைவசம் வைத்திருந்த அரை அங்குல நாடாப் பிரதிகளாலேயே அவை இன்று கறுப்பு வெள்ளையிலாவது, கலங்கலாயாவது கிடைக்கின்றன. கிழவரின் கண்ணிலுள்ள கபடம் முழுவதும் தெரிவதில்லை. ஆயினும் அவர் இருக்கிறார்.

2014ஆம் ஆண்டிலே ‘ஐ லவ் லூசி’யின் முதற் பருவம், பழைய படச்சுருள்களிலிருந்து 1080 கோடுகளுக்கு எடுக்கப்பட்டு வெளியாயிற்று. 1951இலே எந்த வீட்டுத் திரையும் காட்டியிராத தெளிவு. ஜன்னலுக்கு அப்பாலுள்ள நகரம் துணியிலே தீட்டியது என்பதும் அதிலே தெரிகின்றது; சிலர் இதைக் குறையாகச் சொல்கின்றனர். என் கண் அங்கே போகவில்லை. மேசையின் மறுபுறத்திலே, பேச்சில்லாத வேளையில், அயல்வீட்டு எத்தெலாக நடித்த விவியன் வான்ஸ் என்ன செய்கிறார் என்று பார்த்தேன். ஒவ்வொரு கணமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பேர்ட் கெல்ட்டனை 1962ஆம் ஆண்டின் ‘த மியூசிக் மேன்’ திரைப்படத்திலே, கதாநாயகியின் தாயாக, நல்ல வர்ணத்திற் காணலாம். 1960களின் பிற்பகுதியில் கிளீசன் அவரை மறுபடி அழைத்தார். அப்போது அவர் நடித்தது ஆலிஸின் தாயாக. ஆலிஸாக அவர் தோன்றிய காட்சிகளுள் எஞ்சியவற்றிற் சிலவற்றை நானும் பார்த்தேன். குரல் கணீரென்று வருகின்றது. களைத்துப்போன, விட்டுக்கொடாத, மெடோஸினுடையதைவிடக் கடினமான குரல். கணவன் ஏதோ வீரம் பேசுகிறான். அவர் மறுமொழி சொல்லவில்லை. அரங்கிலே இருந்தவர்கள் அடக்கமாட்டாமற் சிரிக்கின்றனர். படத்தைப் பின்னோக்கி ஓட்டி, இருமுறை, மும்முறை பார்த்தேன். முகம் இருக்கவேண்டிய இடத்திலே வெண்மையாய் ஒரு திட்டு இருக்கின்றது. சிரிப்பு மட்டும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் எழுகின்றது.